‘வரவில்லை’ என்று எழுதுங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறிப் போய் முதுகலை வேதியியல் படிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



போன ஏப்ரலில் ஒரு கல்லூரிக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற கல்லூரிகள் தப்பித்துக்கொள்ளும், அவ்வளவுதான் லாபம். மேசையில் 14 புராஜெக்ட் அறிக்கைகள் இருந்தன. கருநீல அட்டை, பொன்னெழுத்து, முதல் பக்கத்தில் இறைவனுக்கும் பெற்றோருக்கும் நன்றி. பதினான்கையும் புரட்டினேன். ஒன்றில்கூட ஒரு வினை தோற்கவில்லை. ஈல்டு 82 சதவீதம், 87 சதவீதம், 91 சதவீதம். முப்பது வருஷமாகக் குடுவையும் கையுமாக இருக்கிறேன். முதல் முயற்சியிலேயே எனக்கு 91 வந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

உங்களில் ஒரு தங்கையிடம் கேட்டேன். நரிக்குடிக்கும் அப்பாலிருந்து வருகிறவள். அசிடைல் போர்த்திய ரைபோஸ் சர்க்கரையோடு யுராசில் குடும்பத்துக் காரம் ஒன்றை இணைத்து நியூக்ளியோசைடு செய்ததாக எழுதியிருந்தாள். 84 சதவீதம். “முதல் தடவையே வந்துச்சாம்மா?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “மூணு தடவ போட்டேன் மேடம். மூணும் கருப்பாப் போயிருச்சு. டி.எல்.சி.ல அடியிலயே ஒரே தீத்தலா நின்னுச்சு. அத எழுதினா மார்க் கொறைப்பாங்கன்னு சொன்னாங்க” என்றாள். அந்த 84 எங்கிருந்து வந்தது? அதே ஆய்வகத்தில் இரண்டு வருஷம் முன்னால் படித்த ஓர் அக்காவின் அறிக்கையிலிருந்து. அந்த அக்காவுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

உங்கள் நிலைமை தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான்கு மாதத்தில் எல்லாம் முடியவேண்டும். துறைக்கே ஒரு ரோட்டா, அதற்கும் வரிசை. என்.எம்.ஆர். பார்க்க வெளியூருக்குச் சாம்பிள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும், அதற்குக் காசும் கட்டவேண்டும். டிரை சால்வெண்ட் வாங்கப் பணமில்லை. இருப்பதைக் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தால் சாயங்கால பஸ் போய்விடும். நம்மூரில் மழைக்குத்தான் பஞ்சம். குடுவைக்குள் மட்டும் எங்கிருந்தோ ஈரம் வந்து சேர்ந்துவிடும். அந்த வினை கெட்டுப்போக அது போதும். மூன்று முறை கருகியதில் அந்தத் தங்கையின் தப்பு ஒன்றுமில்லை. கருகியதைக் கருகியது என்று எழுதாமல் விட்டதைப் பற்றித்தான் உங்களிடம் பேசவேண்டியிருக்கிறது. அதிலும் உங்களைவிட எங்கள் தலைமுறைக்குப் பங்கு அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், நீங்கள் கையில் எடுத்திருக்கும் சாமானின் வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண். பாவு தீர்ந்துபோனால் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் முனையோடு பிணைக்கவேண்டும். சின்னப் பிள்ளையில் நானும் உட்கார்ந்து பிணைத்திருக்கிறேன். நியூக்ளியோசைடு பாடத்தை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்தத் தறிவீடுதான் ஞாபகம் வந்தது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போது மரபுச் சங்கிலியை ஒவ்வோர் எழுத்தாகப் பிணைத்துக்கொண்டே போகிறது. டி.என்.ஏ.வில் அடுத்த எழுத்தைப் பிணைக்கிற முனை, சர்க்கரையின் மூன்றாம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அசைடு தொகுதியை வைத்தால் பார்வைக்கு அதே இழைதான். பிணைக்கிற கை ஏமாந்து எடுத்துக்கொள்ளும். அடுத்த முடிச்சுப் போட முனை இருக்காது. பாவு அதோடு நின்றுபோகும். ஏ.இசட்.டி. என்கிற சிடோவுடின் செய்யும் வேலை இவ்வளவுதான்.

ஏமாறுவது வைரஸின் கையாக மட்டும் இருக்கவேண்டும், நம் செல்லின் கை ஏமாறக்கூடாது. வித்தையெல்லாம் அங்கேதான். நம் ஊரில் அக்கி வந்தால் வேளார் வீட்டில் காவி குழைத்து எழுதுவார்கள். இப்போது மருந்துக்கடையில் அசைக்ளோவிர் கொடுக்கிறார்கள். அதுவும் நியூக்ளியோசைடு சாயல்தான். ஆனால் அது வேலை செய்ய மூன்று பாஸ்பேட் ஒட்டவேண்டும்; அவற்றில் முதல் பாஸ்பேட்டை ஒட்டுவது வைரஸின் சொந்த நொதி. வைரஸ் இல்லாத செல்லில் மருந்து அநேகமாகச் சும்மா கிடக்கும். இப்படி நறுவிசாக அமைவது அபூர்வம். அமையாமல் போனவைதான் இந்தத் துறையில் மிகுதி.

ஏ.இசட்.டி.யும் அமையாமல் போனதுதான். 1964ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜெரோம் ஹார்விட்ஸ் அதைச் செய்தார். வைரஸ் அவர் மனதிலேயே இல்லை. புற்றுநோய்ச் செல்லின் பாவை அறுக்க நினைத்தார். ரத்தப் புற்றுநோய் வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் பிழைக்கவில்லை. காப்புரிமைகூட வாங்காமல் அதை ஒதுக்கினார். ஆனால் எப்படிச் செய்தோம் என்பதை முறையாக எழுதி ஆய்விதழில் போட்டுவிட்டுத்தான் ஒதுக்கினார். அதே வரிசையில் அவர் குழு செய்த இன்னும் இரண்டு பொருள்களும் புற்றுநோய்க்குப் பயன்படவில்லை. அவற்றையும் எழுதிவைத்தார். ஒன்றின் பெயர் இன்று சால்சிடபின், மற்றது ஸ்டாவுடின். ஸ்டாவுடின் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

என் அம்மாச்சி ஊர் திருச்சுழிக்குக் கிழக்கே. மானாவாரிக் காடு. புரட்டாசியில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாதபோதே, புழுதியில் விதைத்துவிட்டு வருவார்கள். மழை விழும்வரை விதை மண்ணுக்குள் கிடக்கும். எறும்பு இழுத்தது போக, குருவி பொறுக்கியது போக, கிடந்தது முளைக்கும். ஏ.இசட்.டி. அப்படி இருபது வருஷம் கிடந்தது. நடுவில் 1974ல் ஜெர்மனியில் வொல்ஃப்ராம் ஆஸ்டர்டாக் குழு, எலிகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸை அது தடுக்கிறது என்று கண்டு எழுதியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதரைத் தாக்கும் ரெட்ரோவைரஸ் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத் தெரியாது. அதையும் மண்ணுக்குள் போட்ட விதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1985ல் பரோஸ் வெல்கம் கம்பெனி அனுப்பிய சரக்குகளை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிரோவாகி மிட்சுயாவும் சாமுவேல் பிரோடரும் எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதித்தபோது, பழைய ஏ.இசட்.டி. வைரஸை நிறுத்தியது. 1987 மார்ச்சில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. எய்ட்ஸுக்கென்று வந்த முதல் மருந்து.

விலை? ஓர் ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர் வரை. செய்தவருக்கு அதில் ஒரு காசு கிடைக்கவில்லை. அது தனிக் கதை, வயிற்றெரிச்சல்.

அதே சமயத்தில் இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்று ஒரு முதுகலை மாணவி. நுண்ணுயிரியல். உங்களைப்போலவே ஆய்வேடு எழுதவேண்டியவர். அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன் கொடுத்த தலைப்பு, தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடுவது. இந்தியாவில் அந்த நோயே கிடையாது என்று பெரியவர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். நிர்மலா பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களைத் தேடிப் போய், கணவர் துணையோடு அலைந்து, ரத்தம் எடுத்துவந்தார். வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை. சீரத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஆறு சாம்பிள்கள் மஞ்சளாக மாறின; கிருமி இருக்கிறது என்று அர்த்தம். யாரும் எதிர்பார்க்காத, யாரும் விரும்பாத முடிவு. ஒரு மாணவியின் ஆய்வேட்டில் அது அப்படியே எழுதப்பட்டது. ‘எதிர்பார்த்தபடி எதுவும் இல்லை’ என்று அவர் எழுதியிருந்தால் அவருக்கு மார்க் வந்திருக்கும், வேலையும் சுலபமாக முடிந்திருக்கும். நாடு இன்னும் எத்தனை மாதம் தூங்கியிருக்குமோ.

அதற்குப் பிறகு நடந்ததில் வேதியியல்காரர்களுக்குப் பெருமைப்பட விஷயம் இருக்கிறது. ஹைதராபாத்தில் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏ.வி. ராமராவ் குழு சிடோவுடினை இங்கேயே செய்ய வழி கண்டது. 1993ல் சிப்லா அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2001ல் மூன்று மருந்துக் கூட்டை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் தருவதாகச் சிப்லாவின் யூசுப் ஹமீது அறிவித்து உலகத்தையே உலுக்கினார். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அன்று கொடுத்த கூட்டுகளில் முக்கியமான ஒன்று ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின். ஸ்டாவுடின்! டெட்ராய்ட்டில் எலியைக் காப்பாற்றாத அதே பொடியைத்தான், நாற்பது வருஷம் கழித்துத் தாம்பரத்தில் வரிசையில் நின்றவர்கள் வாங்கி விழுங்கினார்கள். கால் எரிச்சல், கன்னம் ஒட்டிப்போவது என்று அது கொடுத்த தொல்லைகளும் உண்டு. அவற்றையும் எழுதிவைத்ததால்தான் பின்னாளில் அதை விலக்கிவிட்டு வேறு மருந்துக்குப் போக முடிந்தது.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது; பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஒரு கர்ப்பிணித் தாய்க்கு எச்.ஐ.வி. இருந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் விஷயம் தெரிந்ததும் தானாகவே ஓடிவந்து சொன்னார். அவர் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலும் ரத்தம் கொடுத்திருந்தார், அப்போதே சோதனையில் தெரிந்திருந்தது, அந்தச் சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று செய்திகள் வந்தன. ஒரு பதிவேட்டில் இருந்தது இன்னொரு கண்ணுக்கு எட்டவில்லை. உண்மையைச் சொன்ன அந்தப் பிள்ளை இன்று உயிரோடு இல்லை. அந்தத் தாய்க்கு உடனே கூட்டுமருந்து தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு வந்த பரிசோதனை சொன்னது.

கர்ப்பிணிகளுக்கு அன்று நம் நாட்டில் வழக்கமாகக் கொடுத்துவந்த கூட்டு மாத்திரையில் மூன்று மருந்து; அதில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் நீங்கள் படிக்கும் இந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். தாயிடமிருந்து சேய்க்குப் போகாமல் மருந்தால் தடுக்கலாம் என்பதை 1994ல் முதலில் காட்டியதும் ஏ.இசட்.டி.தான்: நான்கு குழந்தைகளில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது, பன்னிரண்டில் ஒன்றாகக் குறைந்தது. சாத்தூர் சங்கதியை நான் நினைக்கும்போதெல்லாம் இரண்டு நோட்டுகள் கண்முன் வருகின்றன. எழுதியும் பயன்படாமல் போன ஒன்று, தோல்வி என்று எழுதப்பட்டும் பயன்பட்ட ஒன்று.

வைரஸ் மட்டுமில்லை. ஒட்டுண்ணிகளுக்கும் இந்தக் குடும்பம் ஆகும். மலேரியாக் கிருமி, லீஷ்மேனியா, ஆப்பிரிக்கத் தூக்கநோய்க் கிருமி ஆகியவற்றுக்குப் பியூரின் காரத்தைச் சொந்தமாகச் செய்யத் தெரியாது. அடுப்பு மூட்டாத வீடு. நம் செல்லிடம் கைநீட்டித்தான் வாங்கித் தின்னவேண்டும். வாங்குகிற வழியில் ஒரு போலிப் பியூரினை வைத்தால் அதையும் வாங்கிக்கொள்ளும். உங்கள் தாத்தாக்கள் யூரிக் ஆசிட்டுக்குப் போடுகிற அலோபியூரினால் மாத்திரையை எடுங்கள். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அதை ரத்தப் புற்றுநோய் மருந்துக்குத் துணையாகத்தான் முதலில் நினைத்தார்கள். அந்த வேலைக்கு அது பெரிதாக உதவவில்லை. மூட்டுவாதத்துக்கு உதவியது. பிறகு பார்த்தால், லீஷ்மேனியா அதைத் தன் உணவு என்று நம்பி எடுத்து, தன் ஆர்.என்.ஏ.வுக்குள் வைத்துக்கொண்டு கெட்டுப்போனது. இன்று அந்த நோய் வந்த நாய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் அதைக் கொடுக்கிறார்கள்.

நியூயார்க்கில் வெர்ன் ஷ்ராம் நியூஸிலாந்துக்காரர்களோடு சேர்ந்து செய்த இம்யூசிலின் வரிசையைப் பாருங்கள். ஒன்று டி செல் புற்றுநோய்க்கு ஜப்பானில் 2017ல் மருந்தானது. அதன் தங்கை ஒன்றைக் கடுமையான மலேரியா ஏற்றிய குரங்குகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது கிருமி மறைந்தது; மருந்தை நிறுத்தியதும் திரும்பி வந்தது. 2011ல் வெளியான அந்தக் கட்டுரையில், திரும்பி வந்ததையும் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு தங்கை 2014ல் மார்பர்க் வைரஸ் தாக்கிய குரங்குகளைக் காப்பாற்றியது. கடைக்கு இன்னும் வரவில்லை. ஒரே குடும்பத்துப் பெண்கள், ஒருத்தி புற்றுநோய்க்கு, ஒருத்தி மலேரியாவுக்கு, ஒருத்தி வைரஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறார்கள். எந்த வீட்டுக்குப் போவாள் என்று செய்கிறவருக்கே தெரியாது. அதனால்தான் இந்தத் துறையில் ‘பயன்படவில்லை’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் எப்போதும் எதற்கு, எப்போது, எந்த அளவில் என்று எழுதவேண்டியிருக்கிறது.

எழுதாமல் விட்டால், அல்லது எழுதியதைத் தப்பாக வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தக் குடும்பத்திலேயே ஒரு கதை உண்டு. சொல்லவே கை நடுங்குகிறது. ஃபியாலுரிடின் என்ற நியூக்ளியோசைடு. ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு நன்றாக வேலை செய்தது. 1993ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 பேருக்குக் கொடுத்தார்கள். சில வாரம் எல்லாம் நலம். பிறகு ஏழு பேருக்கு ஈரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், இருவர் மாற்று ஈரல் வைத்துப் பிழைத்தார்கள். போலி எழுத்தை வைரஸ் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நம் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவும் எடுத்துக்கொண்டது. அது மெதுவாக நடக்கிற நாசம், மாதக்கணக்கில் வெளியே தெரியாது. திரும்பிப் பார்த்தபோது முந்தைய சிறு சோதனைகளிலும் சில மரணங்கள் இருந்தன. ஏற்கெனவே இருந்த நோயால் இறந்தார்கள் என்று தனித்தனியாக ஒதுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே மேசையில் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது என் கதை.

ஹைதராபாத்தில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். பியூரின் காரத்தைச் சர்க்கரையோடு இணைக்கும் வேலை. ஒன்பதாம் நைட்ரஜனில் ஒட்டவேண்டியது ஏழாம் நைட்ரஜனில் ஒட்டிக்கொண்டு வந்தது, ஒரு தடவையல்ல, ஐந்து தடவை. காலம் போட்டுப் பிரித்துப் பிரித்துக் கண் வலித்தது. கடைசியில் வேறு வழியில் கொஞ்சம் சரியான பொருள் கிடைத்தது. அதை மட்டும் எழுதினேன். அந்த ஐந்து தடவை கிடைத்ததை வேஸ்ட் பாட்டிலில் ஊற்றினேன். ஆய்வேட்டைப் படித்தால் என்னமோ நேர்கோட்டில் நடந்து போனமாதிரி இருக்கும். இரண்டு வருஷம் கழித்து ஜூனியர் ஒருவன், என் ஆய்வேட்டில் இல்லாத காரணத்தால், அதே பழைய வழியில் போனான். ஏழு மாதம். ஏழாம் நைட்ரஜன், ஏழாம் நைட்ரஜன், ஏழாம் நைட்ரஜன். தனக்குக் கைராசி இல்லை என்று ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். எனக்குத் தெரியவந்தபோது அவனுடைய ஸ்காலர்ஷிப் முடிய மூன்று மாதம் இருந்தது. நான் ஒரு பக்கம் எழுதியிருந்தால் அவன் ஒரு வாரத்தில் திரும்பியிருப்பான். அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

அதைவிட ஒன்று: நான் ஊற்றிக் கொட்டிய அந்த ஏழாம் நைட்ரஜன் பொருளை எந்த வைரஸுக்கும் எந்த ஒட்டுண்ணிக்கும் யாரும் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் ஒன்றும் இல்லாமலும் போயிருக்கலாம். அதுகூட இன்றுவரை தெரியாது.

ஆகவே அந்த நரிக்குடித் தங்கையின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்களுக்கு இந்தப் பழக்கத்தைக் கையளித்தவர்கள் நாங்கள். ஈல்டு குறைந்தால் முகம் சுளித்தோம். சுத்தமான அறிக்கைக்கு அதிக மார்க் போட்டோம். உங்கள் ஆசிரியர்கள் இதைப் படித்தால், அவர்களும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் வெட்கப்படட்டும்.

இடையில் ஒரு முணுமுணுப்பு. அந்தப் 14 அறிக்கைகளில் ஆறு, கணினியில் டாக்கிங் செய்தவை. கெமிக்கல் வாங்கக் காசில்லாத துறைக்கு அது ஒரு வழி, குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் ரெம்டெசிவிரைக் கொரோனாவின் புரோட்டியேஸ் நொதியில் பொருத்திப் பார்த்து, அருமையாகப் பொருந்துகிறது என்று படம் போட்டிருந்தார். 2021 மே மாதம் அந்த மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் வெயிலில் கால்கடுக்க நின்றவர்களை நாம் மறக்க முடியாது. அது எப்படி வேலை செய்கிறது என்பதையாவது சரியாகச் சொல்லவேண்டாமா? அது போய்ச் சேருவது பாலிமரேஸ் நொதிக்கு. அதுவும் ஊசியில் இருக்கிற உருவத்தில் இல்லை, செல்லுக்குள் போய் மூன்று பாஸ்பேட் உள்ள உருவமாக மாறிய பிறகு. நியூக்ளியோசைடை வெறுமனே டாக் செய்யும் ஒவ்வொருவரும் இதை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மவுஸைத் தொடுங்கள். பொருந்தாதவற்றின் பட்டியலும் உங்களிடம் இருக்கும். எனக்கு அதுவும் வேண்டும்.

கடிதத்தின் காரணத்துக்கு வந்துவிட்டேன். உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. புதுக் கருவி கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. இந்த வருஷப் புராஜெக்ட் அறிக்கையின் கடைசியில், ‘வராதவை’ என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் சேருங்கள். எது வரவில்லை என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன சால்வெண்ட், எந்தக் கம்பெனி, பாட்டில் எப்போது திறந்தது, எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், அன்று வெளியே மழையா வெயிலா, டி.எல்.சி. தட்டில் என்ன தெரிந்தது, எந்தக் கட்டத்தில் நிறம் மாறியது. கருப்பானால் கருப்பு என்று எழுதுங்கள், எப்படிக் கருப்பு என்றும் எழுதுங்கள்: காப்பிக் கருப்பா, தார்க் கருப்பா. தட்டைப் போனில் படம் பிடித்து ஒட்டுங்கள். வேறு ஏதாவது பொருள் பிரிந்து வந்தால், வேண்டாததாக இருந்தாலும், ஒரு சின்னக் குப்பியில் போட்டுப் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

உங்களுக்கும் எனக்கும் நடுவே இருக்கும் சிக்கல் தெரியும்: நான் சொன்னால் போதுமா, மார்க் போடுகிறவர்கள் ஒத்துக்கொள்ளவேண்டுமே என்பீர்கள். நான் புறத்தேர்வாளராக வரும் இடத்தில் முதல் கேள்வி அந்தப் பக்கங்களிலிருந்துதான் வரும். ‘வராதவை’ இல்லாத அறிக்கையின்மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். மற்ற தேர்வாளர்களுக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். துறைத் தலைவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன்: பழைய அறிக்கைகள் பூட்டிக்கிடக்கும் பீரோவில் ஒரு தட்டை ஒழித்து, இந்தப் பக்கங்களின் நகலை அங்கே வைக்கவேண்டும். அடுத்த வருஷம் வருகிற பந்தல்குடிப் பையனும் பரளச்சிப் பிள்ளையும் குடுவையைக் கழுவும் முன்னால் அந்தத் தட்டைப் பார்க்கட்டும்.

அந்த நரிக்குடித் தங்கைக்கு ஒரு வார்த்தை. உன் நோட்டு இன்னும் உன்னிடம் இருக்கும் என்று நம்புகிறேன், தாயி. மூன்று தடவையும் எழுதியிருப்பாய், அறிக்கைக்குத்தான் கொண்டுவரவில்லை. அதை நகலெடுத்து அனுப்பினால் தட்டில் முதலாவதாக வைக்கிறேன்.

மற்றவர்களுக்கு: பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தேதி போடுங்கள். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள். அடித்தது என்னவென்று படிக்கத் தெரியவேண்டும். பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.

அன்புடன்,
பழைய தறிவீட்டுப் பெண், இப்போதும் குடுவை கழுவுகிறவள்